குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு லேசர்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றில், டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும் பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவது என் வேலை. உள்ளே அவர்களிடம் "ஆர்.ஓ.பி. இருக்கிறது, லேசர் செய்ய வேண்டும், நாளைக்கே" என்று சொல்லியிருப்பார்கள். ஆர்.ஓ.பி. என்பது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் வரும் நோய். வெளியே வருபவர்கள் காதில் "லேசர்" என்ற ஒரு சொல் மட்டும்தான் விழுந்திருக்கும். அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை, கேட்கப்படும் வரிசையிலேயே, இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையின் கண்ணைப் பார்த்த மருத்துவர் இதில் உள்ளதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். கண்ணைப் பார்த்தவர் அவர்தான்.

குழந்தையின் கண் நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு லேசர்?

நன்றாகத்தான் இருக்கும். இந்த நோயின் வஞ்சகமே அதுதான். கண் சிவக்காது, பீளை தள்ளாது, நீர் வடியாது. குழந்தை வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கும், பால் குடிக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்ப்பது போலவும் இருக்கும். நோய் இருப்பது கண்ணின் உட்புறப் பின்சுவரில், விழித்திரையில். பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் அது தெரியாது. சொட்டு மருந்து விட்டு, கண்ணின் நடுவே உள்ள கறுப்பு வட்டமான பாவையை விரித்து, தலையில் மாட்டும் ஒளிக்கருவியாலோ விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவாலோ பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கே தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: பாவை கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிவது. அது தெரியும் நேரத்தில் விழித்திரை பெரும்பாலும் சுவரை விட்டுக் கழன்றிருக்கும். அப்போது லேசருக்கு வேலை இருக்காது.

இது எப்படி வருகிறது?

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கருவிலேயே, சுமார் 16ஆம் வாரத்தில், பார்வை நரம்பின் தலைப்பிலிருந்து புறப்படுகின்றன. அங்கிருந்து எல்லாத் திசையிலும் ஓரத்தை நோக்கி மெல்லப் படர்கின்றன. மூக்குப் பக்க ஓரத்தை அடைய 36 வாரம் ஆகும். காதுப் பக்கம் இன்னும் தொலைவு. 40 வாரம், சில குழந்தைகளுக்கு அதற்குச் சற்று மேலும் ஆகும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்திருக்கும். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு வாய்க்கால் பாதி வழியில் நிற்கிறது.

வெளியே வந்த குழந்தை மூச்சு விடுகிறது, பல நேரம் கூடுதல் ஆக்சிஜனும் பெறுகிறது. கருவில் இருந்ததைவிட ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம். எனவே "குழாய் வளர வேண்டும்" என்று அழைக்கும் ரசாயனம் குறைந்து, வளர்ச்சி நின்றுபோகிறது. இது முதல் கட்டம். சில வாரங்கள் கழித்து, குழாய் எட்டாத விழித்திரையும் வளர்ந்து பசியெடுத்து, ஆக்சிஜன் போதவில்லை என்று கூவத் தொடங்குகிறது. இப்போது அதே ரசாயனம் அளவுக்கு மீறிப் பெருகுகிறது. அதற்குப் பதிலாக வருபவை ஒழுங்கான குழாய்கள் அல்ல. வரப்பை உடைத்துக்கொண்டு கண்ட இடத்தில் முளைக்கும், கசியும், ரத்தம் சிந்தும் குழாய்கள். அவற்றோடு நார்த்திசு சேர்ந்து சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. இழுத்தால் கழன்றுவிடும்.

லேசர் செய்வது இதைத்தான்: கூவிக்கொண்டிருக்கும் கடைமடையை அமைதிப்படுத்துவது. அழைப்பு நின்றால் தவறான குழாய்கள் வாடிவிடும்.

ஆக்சிஜன் வைத்ததால்தானே வந்தது? வைக்காமல் இருந்திருக்கலாமே?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும். அது நியாயமானதும்கூட. ஆனால் பதிலுக்கு ஒரு பழைய கதை உண்டு, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1942இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் லென்சுக்குப் பின்னால் வெள்ளைத் திசு படிந்திருப்பதை முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்து ஆண்டுகளில் வசதி படைத்த நாடுகளின் நல்ல மருத்துவமனைகளில்தான் இந்த நோய் அதிகம் வந்தது. காரணம் புரியாமல் தவித்தார்கள். 1951இல் மெல்போர்னைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கேட் கேம்பல், தாராளமாக ஆக்சிஜன் கிடைத்த குழந்தைகளுக்கே நோய் அதிகம் என்று காட்டினார். அமெரிக்காவில் 1953இல் தொடங்கிய பெரிய கூட்டு ஆய்வு அதை உறுதி செய்தது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

உடனே எல்லா இடத்திலும் ஆக்சிஜனை இறுக்கிக் குறைத்தார்கள். பார்வை இழப்பு சரிந்தது; ஆனால் மூச்சுக்குப் போராடிய குழந்தைகள் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு மூளை பாதித்தது. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் இதே பாடத்தைத்தான் மீண்டும் சொன்னது: ரத்த ஆக்சிஜன் அளவை 85-89 விழுக்காட்டில் வைத்திருந்த குழந்தைகளுக்குக் கடுமையான கண் நோய் குறைவாக இருந்தது, இறப்பு அதிகமாக இருந்தது. அதனால்தான் இன்று பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் 90-95 விழுக்காட்டை இலக்காக வைக்கின்றன. குழந்தையின் காலில் கட்டிய சிவப்பு விளக்குக் கருவி ஓயாமல் கத்திக்கொண்டே இருந்ததே, அது இந்த எல்லைக்குத்தான் காவல் இருந்தது.

ஆக, ஆக்சிஜன் உங்கள் குழந்தையைக் காப்பாற்றியது. அது அளவோடு, கலந்து, கண்காணித்துக் கொடுக்கப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அப்படிக் கொடுத்தும் நோய் வரும். மிகக் குறைந்த எடையில் பிறந்ததும், ரத்தத்தில் கிருமி பரவியதும், ரத்தம் ஏற்ற நேர்ந்ததும், பிறந்த பின் எடை ஏறாததும் அதற்கு வழி விடுகின்றன.

சொந்தத்தில் திருமணம் செய்ததாலா? கிரகணத்தன்று வெளியே போனதாலா? நீல விளக்கில் வைத்ததாலா?

மூன்றும் இல்லை. மஞ்சள் காமாலைக்கு வைக்கும் விளக்கைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வரி: வெளிச்சத்தைக் குறைத்தால் இந்த நோய் குறையுமா என்று பார்த்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. குறையவில்லை. கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்ததற்காக மருகும் அப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

தாய்மார்கள் சத்தமாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "நான் ஏதாவது செய்துவிட்டேனா?" இல்லை அம்மா.

முதல் முறை பார்த்தபோது ஒன்றுமில்லை என்றார்களே?

அவர்கள் சொன்னது அன்றைய நிலை. அன்று வாய்க்கால் பாதியில் நின்றிருக்கும், தவறான குழாய் இன்னும் முளைத்திருக்காது. நோய் பிறக்கும்போதே இருப்பதில்லை. சில வாரம் கழித்துத்தான் வருகிறது. எனவே பரிசோதனை ஒரு நாளோடு முடியும் விஷயம் இல்லை. விழித்திரை முழுவதும் குழாய் படர்ந்துவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை, ஒரு வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்ற வரியில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும் 2000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கும் கண் பரிசோதனை கட்டாயம். 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களுக்கும், நோய்வாய்ப்பட்டிருந்தால், பார்க்க வேண்டும். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. எண்களை மறந்தாலும் "30 நாள்" என்பதை மறக்காதீர்கள்.

இந்த 30 நாளில்தான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் ஒரு மாதம் வாசல் தாண்டக்கூடாது என்பது பல வீடுகளில் சட்டம். முப்பது கழிந்து, தொட்டில் போட்டு, நல்ல நாள் பார்த்துக் கிளம்பும்போது நாற்பது நாற்பத்தைந்து நாள் ஆகிவிடும். வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நிறைமாதப் பிள்ளைக்கு அது ஓய்வு, பாதுகாப்பு. குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் வாசலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் என்னோடு ஃபோனில் பேசச் சொல்லுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாட்டிமார்கள் பத்து நிமிடத்தில் சம்மதித்துவிடுவார்கள். தாத்தாக்களுக்குத்தான் அரை மணி நேரம் ஆகும்.

வெளிநாட்டில் 1500 கிராமுக்கு மேல் இருந்தால் பார்ப்பதில்லையாமே?

அமெரிக்காவில் பொதுவாக 1500 கிராம் அல்லது 30 வாரம்தான் எல்லை. நம் நாட்டில் அதைவிடக் கனமான, அதைவிட வளர்ந்த குழந்தைகளுக்கும் கடுமையான நோய் வருகிறது. குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கும் வசதி சிறு ஊர்கள் வரை வந்துவிட்டது. ஆக்சிஜனைக் கலந்து அளந்து கொடுக்கும் கருவிகளும் போதிய நர்சுகளும் அதே வேகத்தில் வரவில்லை. 2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்குள்ள எல்லையைப் படித்துவிட்டு "தேவையில்லை" என்று சொன்னால், அது அந்த ஊருக்கு உரியது.

அறிக்கையில் "மண்டலம் 2, நிலை 3, பிளஸ்" என்று எழுதியிருக்கிறது. மோசமா?

மண்டலம் என்பது வாய்க்கால் எதுவரை வந்து நிற்கிறது என்பது. பார்வை நரம்பைச் சுற்றிய நடு வட்டம் 1, அதைச் சூழ்ந்தது 2, காதுப் பக்கக் கடைசிப் பிறை 3. இங்கே எண் சிறியதாக இருந்தால் ஆபத்து அதிகம். குழாய் மிகச் சீக்கிரமே நின்றுவிட்டது என்று பொருள். நிலை என்பது நோயின் முற்றல். 1இல் குழாய் எட்டிய பகுதிக்கும் எட்டாத பகுதிக்கும் நடுவே ஒரு கோடு, 2இல் அது வரப்புபோல் மேடாகிறது, 3இல் வரப்பின் மேல் தவறான குழாய்கள் முளைக்கின்றன, 4இல் விழித்திரை ஓரளவு கழன்றிருக்கும், 5இல் முழுதும். இங்கே எண் பெரியதானால் ஆபத்து. இரண்டு எண்களும் எதிரெதிராக ஓடுவதால் பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை, பயிற்சி மாணவர்களே குழம்புகிறார்கள்.

பிளஸ் என்பது நல்ல செய்தி அல்ல. கண்ணின் நடுப்பகுதிக் குழாய்கள் வீங்கிப் பாம்புபோல் நெளிந்திருக்கின்றன என்று பொருள். நோய் வேகம் பிடித்துவிட்டது. மண்டலம் 2இல் நிலை 2 அல்லது 3 பிளசோடு இருந்தால் சிகிச்சை. மண்டலம் 1இல் பிளஸ் இருந்தால் எந்த நிலையிலும் சிகிச்சை. அதே மண்டலம் 1இல் நிலை 3 என்றால் பிளஸ் இல்லாவிட்டாலும் சிகிச்சை. அதற்குக் குறைவானவை பல தாமாகவே அடங்கிவிடும். நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு லேசரே தேவைப்படுவதில்லை. அவர்களுக்குத் தேவை மறக்காமல் வருவது மட்டும்தான்.

ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் வரலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சிகிச்சை தேவை என்று முடிவான பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். நோய் வெறி பிடித்தது போல் ஓடும் வகை ஒன்று உண்டு; அதற்கு அதைவிடவும் குறைவான நேரமே இருக்கிறது. நிலை 3 சில நாளில் 4 ஆகலாம். 4 ஆகிவிட்டால் லேசரை விட்டு, கண்ணுக்குள் கருவி செலுத்தும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும். 5 ஆனால் அறுவை செய்தும் வெளிச்சம் நிழல் தெரிவதோடு நின்றுவிடுவதே அதிகம்.

இரண்டாவது மருத்துவரிடம் காட்ட வேண்டுமா, தாராளமாகக் காட்டுங்கள். இன்று மாலையோ நாளைக் காலையோ காட்டுங்கள். விழித்திரைப் படங்களைக் கேட்டு வாங்கினால் வேறு ஊரில் உள்ள மருத்துவரும் உடனே பார்த்துச் சொல்ல முடியும். மாமனாரைக் கேட்க வேண்டுமா, ஃபோன் இருக்கிறது. அஷ்டமி நவமி பற்றியும் கேட்பார்கள். நான் வாதாடுவதில்லை. லேசர் நாளை எட்டு மணிக்கு என்றால், அதற்கு முன் கோயிலுக்குப் போய் வர நேரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

எப்படிச் செய்வார்கள்? கத்தி வைப்பார்களா?

கத்தி இல்லை, தையல் இல்லை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை முன்னதாகவே சில முறை விடுவார்கள். பிறகு கண்ணின் மேற்பரப்பை மரக்கவைக்கும் சொட்டு. இமைகள் மூடாதிருக்கச் சிறிய கம்பிக் கவ்வி வைப்பார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும், அதனால்தான் உங்களை வெளியே இருக்கச் சொல்கிறார்கள். மருத்துவர் தலையில் மாட்டிய கருவியிலிருந்தே லேசர் வரும். கையில் பிடித்த லென்சின் வழியாக அதை விழித்திரையில் குறிவைப்பார். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், சில இடங்களில் பச்சைக் கதிர். ஒவ்வொரு பொட்டும் நொடியில் ஒரு சிறு பங்கு. வரப்புக்கு அப்பால், குழாய் எட்டாத பகுதி முழுவதையும் கோலப் புள்ளிபோல் நெருக்கமாகப் பொட்டு வைத்து நிரப்புவார்கள். ஒரு கண்ணுக்குச் சில நூறு முதல் இரண்டாயிரத்துக்கும் மேல்கூட ஆகும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே அமர்வில் என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். கதவு திறக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

வலிக்குமா? இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

சொட்டு மருந்து போட்டாலும் குழந்தைக்கு அது சுகமான அனுபவம் அல்ல. அழும். சர்க்கரைக் கரைசலைச் சில துளி நாவில் விடுவதும், துணியில் இதமாகச் சுற்றி வைப்பதும் வலியைத் தணிக்கும் என்பது சோதித்து அறியப்பட்டதே. சில மருத்துவமனைகள் சொட்டு மருந்தோடு மட்டும் செய்கின்றன. சில இடங்களில் தூக்க மருந்து, சில இடங்களில் முழு மயக்கம். குழந்தையின் எடை, நுரையீரலின் நிலை, அங்குள்ள வசதி ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

உண்மையான அபாயம் கண்ணைவிட மூச்சில் இருக்கிறது. கண்ணை அழுத்தும்போது இதயத் துடிப்பு குறையலாம். குறைமாதக் குழந்தை மூச்சை நிறுத்திவிடலாம். இதனால்தான் பச்சிளங்குழந்தை மருத்துவரோ மயக்க மருத்துவரோ பக்கத்தில் நிற்க வேண்டும், நாடித்துடிப்புக் கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முடிந்த பிறகும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். "பக்கத்தில் யார் இருப்பார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவமனைக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பால் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சொன்னால் அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடியுங்கள். பசியில் அழுகிறதே என்று ஒரு வாய் கொடுத்தால் அது புரையேறி நுரையீரலுக்குள் போகக்கூடும்.

சுட்ட இடத்தில் பார்வை போய்விடாதா?

போகும். மழுப்பாமல் சொல்கிறேன். லேசர் பட்ட ஓரப் பகுதி இனிப் பார்க்காது. பக்கப்பார்வை கொஞ்சம் குறுகும். ஆனால் படிக்க, முகம் அறிய, சாலையில் நடக்க உதவும் நடுப்பார்வையைக் காப்பதற்கு இதுவே விலை. ஓரத்தில் இழந்ததை வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் உணர்வதே இல்லை.

லேசர் நேற்று முளைத்ததும் அல்ல. 1960களின் பிற்பகுதியிலேயே ஜப்பானில் மருத்துவர் நகாதா ஒளிக்கதிரால் விழித்திரையைச் சுட்டு இந்த நோயை நிறுத்தினார். 1988இல் அமெரிக்க ஆய்வு, உறையவைக்கும் குளிர்ச் சிகிச்சை பார்வையைக் காக்கும் என்று நிறுவியது. பிறகு லேசர் அதன் இடத்தைப் பிடித்தது. 2003இல் வெளியான ஆய்வு, நோய் முற்றும் வரை காத்திராமல் முன்பே செய்தால் மோசமான முடிவு 15.6 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைகிறது என்று காட்டியது. நூறில் தொண்ணூறு கண்கள் தப்புகின்றன என்று நான் பெற்றோரிடம் சொல்வது அதை வைத்துத்தான். மண்டலம் 1இல் ஓடும் வெறிபிடித்த வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதில் தோல்வி அதிகம்.

ஊசி போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். லேசரைவிட நல்லதா?

கூவி அழைக்கும் அந்த ரசாயனத்தைக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவது அது. அவ்வகை மருந்துகளில் ஒன்றான பெவாசிசுமாப் பற்றிய முக்கிய ஆய்வு 2011இல் வந்தது. ரானிபிசுமாப் 2019இல் ஐரோப்பாவிலும், அஃப்லிபர்செப்ட் 2023இல் அமெரிக்காவிலும் இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றன. சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஓர விழித்திரை அழியாது, பின்னாளில் கிட்டப்பார்வையும் குறைவாக வருகிறது. மண்டலம் 1 நோய்க்கு இன்று பல மருத்துவர்கள் முதலில் எடுப்பது ஊசியைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்தின் வீரியம் தீர்ந்ததும் நோய் திரும்பலாம், அதுவும் தாமதமாக. 2011 ஆய்வில் ஊசிக்குப் பிறகு நோய் திரும்பிய குழந்தைகளுக்கு அது சராசரியாக 16 வாரம் கழித்து வந்தது. லேசருக்குப் பிறகு திரும்பியது சுமார் ஆறு வாரத்தில். அதாவது ஊசி போட்ட குழந்தையை மாதக்கணக்கில் அழைத்து வந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து ரத்தத்திலும் கலக்கிறது என்பதால் மற்ற உறுப்புகளின் வளர்ச்சியையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீடு தொலைவில் இருந்து, திரும்பத் திரும்ப வருவது உங்களால் முடியாது என்றால், அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மண்டலம் 2 நோயில் அந்த ஒரு செய்தியே லேசர் பக்கம் தராசைச் சாய்த்துவிடும். வெட்கப்பட்டு "வந்துவிடுவோம்" என்று தலையாட்டி ஊசி போட்டுக்கொண்டு, பிறகு வராமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

லேசருக்குப் பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

இமை வீங்கியிருக்கும், வெள்ளைப்பகுதி சிவந்திருக்கும், இரண்டு மூன்று நாளில் வடியும். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை எழுதிய நாள் வரை விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இமையின் உட்பக்கம் ஒரு சொட்டு, பாட்டிலின் முனை கண்ணைத் தொடாமல். தாய்ப்பால் கொடுக்கலாம், கங்காரு போல் நெஞ்சோடு அணைத்து வைக்கலாம், தடுப்பூசிகளை அட்டவணைப்படி போடலாம்.

கண்ணுக்குள் தாய்ப்பால் விடக்கூடாது, விளக்கெண்ணெய் விடக்கூடாது, மை தீட்டக்கூடாது. திருஷ்டிக்குப் பொட்டு வைக்க வேண்டுமென்றால் பாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிழி வெண்மையாக மங்கினாலும், பீளை தள்ளினாலும், வீக்கம் குறையாமல் கூடினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் உடனே வர வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் பரிசோதனை உண்டு. லேசர் வேலை செய்ததா என்று அன்றுதான் தெரியத் தொடங்கும். இடைவெளி விட்டுப்போன இடம் இருந்தால் மறுபடி லேசர் செய்யலாம்; அது முதல் முறை தவறிவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல.

இரட்டைக் குழந்தைகள், ஒன்றுக்கு மட்டும் லேசர் என்கிறார்களே?

அப்படித்தான் நடக்கும். எடை குறைந்த குழந்தைக்கு வந்து மற்றதற்கு வராமலும் போகும். ஆனால் பரிசோதனைக்கு இரண்டையும் கொண்டுவாருங்கள்.

செலவு?

அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 30 நோய்கள் அடங்கும், அதில் ஆர்.ஓ.பி.யும் ஒன்று. 2013இல் தொடங்கிய இத்திட்டத்தின் மாவட்ட மையம் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். தனியார் மருத்துவமனையில் என்றால், காப்பீட்டு அட்டையைக் காட்டி, முன்பணம் கட்டுவதற்கு முன்பே திட்டத்தில் வருமா என்று கேளுங்கள். ஒன்று மட்டும்: காப்பீட்டு ஒப்புதலுக்காக 72 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். பணம் இல்லை என்று வாயைத் திறந்து சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு வழி பிறந்திருக்கிறது. சொல்லாமல் எழுந்து போனவர்களுக்குத்தான் நாங்கள் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

டிஸ்சார்ஜ் செய்தபோது கண் பரிசோதனை பற்றி யாருமே சொல்லவில்லை. அது சரியா?

சரியில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, இந்தப் பரிசோதனை செய்யப்படாமலும் பெற்றோருக்கு எச்சரிக்கை தரப்படாமலும் போனதால் பார்வை இழந்தது. தந்தை விடாமல் நடத்திய வழக்கில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பல மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் தாளில் "கண் பரிசோதனை" என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அச்சாகியிருப்பது வேறு, அதைப் படித்துக் காட்டுவது வேறு. மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருந்தால் எந்த அம்மாவுக்குத் தெரியும்?

உங்கள் உறவிலோ தெருவிலோ யாருக்காவது குறைப்பிரசவம் ஆனால் தாளை வாங்கிப் பார்த்துத் தேதியைத் தேடிக் கொடுங்கள்.

லேசர் முடிந்துவிட்டது. இனிக் கண் டாக்டரிடம் போக வேண்டியதில்லைதானே?

விழித்திரை காப்பாற்றப்பட்டிருக்கிறது, பார்வை இனிமேல்தான் வளர வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் ஆகியவை மற்றவர்களைவிட அதிகம் வரும். ஒரு வயதுக்குள்ளேயே சிலருக்குக் கண்ணாடி போட நேரும். மீள்பட்டியில் கட்டும் குழந்தைக் கண்ணாடிகள் கிடைக்கின்றன, ஒரு வாரத்தில் பழகிவிடும். "பொட்டப் பிள்ளைக்கு இப்போதே கண்ணாடியா" என்ற பேச்சு வரும். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது, பிறகு எந்தக் கண்ணாடியும் உதவாது என்று சொல்லுங்கள். பள்ளியில் சேரும் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. விழித்திரை பிற்காலத்தில் கழலும் வாய்ப்பும் சற்று இருப்பதால், வளர்ந்த பிறகும் "நான் குறைமாதத்தில் பிறந்தவன், லேசர் செய்திருக்கிறார்கள்" என்று எந்தக் கண் மருத்துவரிடமும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா வீட்டிலிருந்து கணவர் ஊருக்குப் போகிறேன். அடுத்த தேதிக்கு இங்கே வர முடியாது. என்ன செய்வது?

இதைக் கேட்பவர்களை எழுந்து வணங்கத் தோன்றும். பாதிப்பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள். நாங்கள் அம்மா வீட்டு எண்ணுக்கு ஃபோன் செய்துகொண்டே இருப்போம். கிளம்புவதற்கு முன்னால் புகுந்த ஊர் முகவரியையும் இரண்டு ஃபோன் எண்களையும் கொடுங்கள். அந்த ஊருக்கு அருகில் ஆர்.ஓ.பி. பார்க்கும் மருத்துவர் எங்கே என்று நாங்கள் விசாரித்துச் சொல்வோம். எல்லாக் கண் மருத்துவர்களும் இதைப் பார்ப்பதில்லை என்பதால் நீங்களாகத் தேடி அலைய வேண்டாம். டிஸ்சார்ஜ் தாள், விழித்திரைப் படங்கள், லேசர் செய்த தேதி எழுதிய அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு, குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை உறையின் மேல் பெரிதாக எழுதுங்கள். அந்தத் தேதியில் பஸ் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் காலை முதல் பஸ்.